எட்டு ஓம் முனையும் ஸ்பிரேயர் பேட்டரியும்

பேனா அளவில் ஒரு சால்டரிங் அயர்ன். அதன் வால்பக்கம் செல்போனில் இருப்பதைப் போலவே ஒரு சி-டைப் துளை. புதிதாக வாங்கியவர் வீட்டில் இருக்கும் போன் சார்ஜரை எடுத்துச் செருகுகிறார். சார்ஜரில் 80 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அயர்னின் குட்டித் திரை ஒளிர்கிறது. எண்கள் மெல்ல ஏறுகின்றன. 150க்குப் பக்கத்தில் தயங்கி நின்றுவிடுகின்றன. ஈயம் உருகவில்லை. அடுத்து, பரணில் கிடந்த பழைய லேப்டாப் சார்ஜரை எடுத்து அயர்னின் இன்னொரு துளையில் செருகுகிறார். அதில் எழுதியிருப்பது 65 வாட்தான். 15 விநாடியில் 300 டிகிரி.

80 வாட்டால் முடியாததை 65 வாட் எப்படி முடித்தது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. தமிழ்நாட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் அதிகம் விளையும் மண் இது. வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காடு முழுக்க பேட்டரி ஸ்பிரேயர்கள், கிணற்றடியில் மோட்டார் போர்டுகள், சோலார் விளக்குகள். பழுது காட்டில் நடக்கிறது; பழுது பார்க்கும் கடையோ பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிறது. ஒரு ஒயர் விட்டுப்போனதற்காக டவுனுக்கு ஓடி, அரைநாள் வேலையைக் கெடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சட்டைப்பையில் அடங்கும் அயர்ன் இந்த அலைச்சலைக் குறைக்கும். ஆனால் அதற்கு எங்கிருந்து மின்சாரம் கொடுப்பது என்பதுதான் அயர்னின் விலையையும் பெயரையும் விட முக்கியமான விஷயம்.

25 வாட் ராடு ஏன் காக்க வைக்கிறது

ரிப்பேர் கடைகளில் பல்லாண்டுகளாகப் புழங்கும் 25 வாட் சால்டரிங் ராடின் உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு. மைக்கா தகட்டின் மேல் சுற்றிய சூட்டுக்கம்பி, அதன் நடுவே செருகிய செம்பு பிட், பின்னால் 230 வோல்ட் ஒயர். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் 1921ல் எர்சா நிறுவனத்தைத் தொடங்கி மின்சாரப் பற்றவைப்புக் கோலைத் தொழிற்சாலைச் சரக்காக்கிய நாளிலிருந்து அடிப்படை அதிகம் மாறவில்லை. கம்பியில் பிறக்கும் சூடு மைக்காவைத் தாண்டி, தடித்த செம்பு முழுவதையும் நிறைத்து, பிறகுதான் நுனிக்கு வருகிறது. அதனால்தான் சில நிமிடக் காத்திருப்பு.

அந்த ராடுக்குத் தன் சூடு எவ்வளவு என்று தெரியாது. உள்ளே வரும் 25 வாட்டும் காற்றில் கரையும் சூடும் எந்த இடத்தில் சமமாகின்றனவோ, அங்கே போய் நிற்கும். அது 350 டிகிரியாகவும் இருக்கலாம், 400ஐத் தாண்டியும் இருக்கலாம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் பிட்டிலிருந்து ஒயருக்கும் போர்டுக்கும் சூடு கடக்கும்போது இழப்பு உண்டு என்பதால், பிட் 320 முதல் 350 வரை இருந்தால் வேலை சுத்தமாக நடக்கும். அதற்கு மேல் போனால் பேஸ்ட் கருகும், போர்டில் உள்ள செம்புக் கோடு உரிந்து கையோடு வரும்.

வோல்டேஜ் குறைந்தால் இன்னொரு சிக்கல். மாலை நேரத்தில் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால், 25 வாட் ராடு ஏறத்தாழ 15 வாட் ராடாகிவிடும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, சூடு ஐந்தில் இரண்டு பங்கு சரிந்தது எப்படி? இதற்குள் இருக்கும் விதிதான் இந்த அத்தியாயத்தின் அச்சாணி. அதற்கு முன், புதிய அயர்னின் முனைக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

முனைக்குள் ஒரு வெப்பமானி

2017 வாக்கில் சீனாவின் மினிவேர் நிறுவனம் கொண்டுவந்த டி.எஸ்.100 அயர்ன், இந்தப் பேனா வகையைப் பரவலாக்கியது. 2020ல் பைன்64 நிறுவனத்தின் பைன்சில் வந்தது. சுமார் 25 டாலர் விலையில், அதே முனைகளையே ஏற்றுக்கொண்டது. இவற்றில் சூட்டுக்கம்பி பிட்டுக்கு வெளியே இல்லை. பிட், சூட்டுக்கம்பி, சூட்டை அளக்கும் உணரி மூன்றும் ஒரே குழலாக வருகின்றன. சூடு பிறக்கும் இடத்துக்கும் ஈயத்தைத் தொடும் இடத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். சூடேற்ற வேண்டிய உலோகமும் சில கிராம்தான்.

உணரி என்பது வெப்ப மின்னிரட்டை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மிக மெல்லிய மின்னழுத்தம் பிறக்கும் என்று 1821ல் கண்டவர் ஜெர்மானியர் தாமஸ் சீபெக். 300 டிகிரியில்கூட அது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். சூட்டுக்கம்பிக்கும் உணரிக்கும் ஒரே ஜோடி இணைப்புதான் என்பதால், சூடேற்றிக்கொண்டே அளக்க முடியாது. அயர்னின் கைப்பிடியில் இருக்கும் சின்னஞ்சிறு கணினி விநாடிக்குப் பலமுறை மின்சாரத்தை நிறுத்தி, அந்த நொடித்துளியில் முனையின் சூட்டைப் படித்து, போதாவிட்டால் மறுபடி திறந்துவிடுகிறது. இந்த நிறுத்தலும் திறத்தலும் நம் கண்ணுக்கும் கைக்கும் தெரிவதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மின்னிரட்டை காட்டுவது முனையின் முழு வெப்பநிலை இல்லை, முனைக்கும் கைப்பிடிக்கும் உள்ள வித்தியாசம். மே மாதம் 40 டிகிரி வெயிலில் வரப்பில் உட்கார்ந்து வேலை செய்பவரின் அயர்ன், கைப்பிடி 25 டிகிரியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு 15 டிகிரி பிசகும். அதனால் கைப்பிடிக்குள் இன்னொரு உணரி வைத்து அந்த வெப்பத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள்.

அயர்னுக்குள் அசைவை அறியும் சில்லும் உண்டு. சிறிது நேரம் யாரும் அசைக்காவிட்டால் முனையின் சூட்டைத் தானே தாழ்த்திக்கொள்ளும். கையில் எடுத்ததும் சில விநாடியில் பழைய சூட்டுக்கு வரும். சுவர் சாக்கெட்டில் இது வெறும் சௌகரியம். பேட்டரியில் வேலை செய்யும்போது இதுதான் உயிர்நாடி.

எட்டால் வகுக்கும் கணக்கு

டி.எஸ்.100 வகை முனையின் மின்தடை சுமார் 8 ஓம். மின்தடை என்பது மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு. முனை செய்யப்பட்ட அன்றே அது முடிவாகிவிடும், வாங்கியவர் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வோல்ட் ஒன்றைத்தான். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி எட்டால் வகுத்தால், முனையில் பிறக்கும் சூட்டின் அளவு வாட் கணக்கில் கிடைத்துவிடும்.

12 வோல்ட் கொடுத்தால் 144ஐ எட்டால் வகுக்க 18 வாட். 19 வோல்ட் என்றால் 45 வாட். 20க்கு 50. 24க்கு 72. வோல்ட் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. தயாரிப்பாளர் டி.எஸ்.100க்குத் தரும் நேரக் கணக்கும் இதையே சொல்கிறது: அறை வெப்பத்திலிருந்து 300 டிகிரியை எட்ட 12 வோல்ட்டில் 40 விநாடி, 16ல் 20, 19ல் 15, 24ல் 11.

5 வோல்ட் கொடுத்தால்? 25ஐ எட்டால் வகுத்தால் 3 வாட்டும் சொச்சமும். முனை 320 டிகிரியில் சும்மா இருக்கும்போதே காற்றுக்கு 5, 6 வாட் இழந்துகொண்டிருக்கும். 3 வாட்டை வைத்துக்கொண்டு அந்த உயரத்துக்கு ஏறவே முடியாது. முனை கையைச் சுடும், ஆனால் 183ஐத் தொடாது. அந்த 80 வாட் சார்ஜர் கொடுத்தது 5 வோல்ட் மட்டுமே. 80 என்ற எண் பொய் இல்லை. அது அயர்னுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

துண்டுக்கடியில் பேரம்

ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு சி-டைப் கேபிளுக்குள் போக வேண்டும். மின்சாரம் போகும் கம்பிகளோடு, பேசிக்கொள்வதற்கென்றே அதில் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வெளியே ஒரு சொல்லும் கேட்காது, உள்ளே எண்கள் மாறிக்கொண்டிருக்கும். சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். பிறகு தன்னிடம் உள்ள பட்டியலை அனுப்பும்: 5, 9, 15, 20 வோல்ட், ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர். அயர்ன் தனக்கு வேண்டியதைக் கேட்கும். சார்ஜர் சம்மதித்த பிறகே வோல்ட் உயரும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான இந்த மொழியின் பெயர் யு.எஸ்.பி. பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி. 2012ல் முதல் பதிப்பு வந்தது. 20 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 100 வாட் வரை அதில் பேசலாம் என்றிருந்தது. 2021ல் அது 48 வோல்ட், 240 வாட் என்று நீண்டது.

போன் நிறுவனங்கள் சிலவற்றுக்குச் சொந்த மொழியும் உண்டு. ஓப்போ 2014ல் கொண்டுவந்த வூக் முறை வோல்ட்டை 5லேயே வைத்துக்கொண்டு ஆம்பியரை ஏற்றியது. போனுக்கு அது நல்ல ஏற்பாடு. 8 ஓம் முனைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் 5 வோல்ட்டில் அந்த முனை அரை ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். இப்படிச் சொந்த மொழியில் 80 வாட் கொடுக்கும் சார்ஜர், வேறு சாதனம் வந்து பி.டி. மொழியில் கேட்டால் குறைந்த அளவே தரலாம், அல்லது ஒன்றும் தராமல் 5 வோல்ட்டிலேயே நிற்கலாம்.

கேபிளும் காரணமாகலாம். ஒரு முனை பழைய அகலமான ஏ-டைப், மறுமுனை சி-டைப் என்றால் பேசும் கம்பி சார்ஜர் வரை போவதே இல்லை. பி.டி. பேரத்துக்கு இரண்டு முனையும் சி-டைப்பாக இருக்க வேண்டும். சாதாரண சி-சி கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால், 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சொல்லும் அடையாளச் சில்லு கேபிளுக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரைத் தாண்டாது. 8 ஓம் முனைக்கு 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும் என்பதால், சாதாரண கேபிளே தாராளம்.

கடையில் சார்ஜர் வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதை விட்டு, பின்பக்கப் பொடி எழுத்தில் 20 வோல்ட் என்று வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 9 வோல்ட்டோடு பட்டியல் முடிந்தால், 8 ஓம் முனைக்கு அது வெறும் 10 வாட் சார்ஜர்.

மக்காச்சோளக் காட்டில் ஒரு ஒயர்

இப்போது ஒரு முழுக் கணக்கு. மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்பிரேயர் நின்றுவிடுகிறது. அடிமூடியைக் கழற்றினால் பம்பு மோட்டாருக்குப் போகும் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பக்கத்தில் சாக்கெட் இல்லை. ஆனால் ஸ்பிரேயருக்குள்ளேயே ஒரு பேட்டரி இருக்கிறது: பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரி. அதைக் கழற்றி, இரண்டு கிளிப் வைத்து அயர்னுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்?

முனையில் 18 வாட் பிறக்கும். அதில் 6 வாட் காற்றுக்குப் போகும். மீதி 12 வாட்தான் வேலைக்கு. ஒயரைத் தொட்டதும், அந்தச் செம்பே சூட்டை இரு பக்கமும் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் முதல் சில விநாடிகளில் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 4 வாட்டை இழுக்கும். 12 இருக்கிறது, 4 போகிறது. மிச்சமுள்ள 8 வாட் அந்த இடத்தைச் சூடாக்க, சில விநாடியில் ஈயம் ஒயருக்குள் ஊறிப் பாய்கிறது. வேலை முடிந்தது.

அதே அயர்னை, அதே பேட்டரியோடு, கிணற்றடியில் போர்வெல் மோட்டாரின் 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் வைத்தால் கதை மாறும். செம்பின் குறுக்குப்பரப்பு நான்கு மடங்கு. இழுக்கும் சூடும் நான்கு மடங்கு, சுமார் 16 வாட். கையிலிருப்பதோ 12. திரையில் 350 என்று இருந்த எண் கண்ணெதிரே சரியும். ஈயம் குழம்பாகி, ஒட்டியும் ஒட்டாமலும் சாம்பல் நிறத்தில் நிற்கும். வெளியே பிடித்த மாதிரி தெரியும் அந்த இணைப்புக்குள் ஈயம் புகுந்திருக்காது. மோட்டார் ஓடி ஒயர் சூடாகும்போது விட்டுவிடும். இங்கே வெப்பநிலையை 350லிருந்து 420க்கு ஏற்றி வைப்பதில் பயனே இல்லை. போதாதது வாட், டிகிரியை எவ்வளவு கேட்டாலும் 18 வாட்டுக்கு மேல் வராது.

20 வோல்ட் கிடைத்தால் 50 வாட்டில் 6 போக 44. தடித்த கேபிள் 16ஐ எடுத்துக்கொண்ட பிறகும் தாராளமாக மிஞ்சும்.

ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? 12 வோல்ட்டை 8 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 96 வாட்-அவர். ஈய-அமில பேட்டரியை அடிமட்டம் வரை வடித்தால் அதன் ஆயுள் குறையும், ஆகவே பாதியை மட்டும் கணக்கில் கொள்ளலாம். தொட்டும் எடுத்தும் வேலை செய்யும்போது அயர்ன் சராசரியாக 10 வாட் எடுக்கும் என்று வைத்தால், ஐந்து மணி நேரத்துக்கு அருகில். பென் பிரவுன் தொடங்கி, இன்று பலர் சேர்ந்து வளர்த்துவரும் அயர்ன்-ஓ.எஸ். என்ற திறந்த மென்பொருள் இந்த அயர்ன்களில் ஓடும். அதில் வோல்ட் எல்லை வைக்கும் வசதி உண்டு. லித்தியம் பேட்டரியை மனதில் வைத்துச் செய்த வசதிதான் அது. ஆனால் 3 செல் என்று தேர்ந்து செல்லுக்கு 3.5 வோல்ட் என்று வைத்தால், 10.5 வோல்ட்டில் அயர்ன் தானே நின்று ஸ்பிரேயர் பேட்டரியையும் காப்பாற்றிவிடும்.

கிளிப்புக்கும் அயர்னுக்கும் நடுவே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். சின்ன பேட்டரிதானே என்று நினைக்கக் கூடாது. இரு முனையும் தவறி உரசினால் ஒயரையே சிவக்க வைக்கும் அளவு மின்னோட்டம் பாயும்.

பரணில் இருக்கும் 19 வோல்ட்

தமிழக அரசு 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி, அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு லெனோவா, ஏசர், ஹெச்பி முதலிய நிறுவனங்களின் கருவிகளை வழங்கியது. பல வீடுகளில் அந்த லேப்டாப் ஓய்ந்துவிட்டது. சார்ஜர் மட்டும் நல்ல நிலையில் கிடக்கிறது. லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 19, 20 வோல்ட்டை ஒட்டியே தருகின்றன, பேரம் எதுவும் இல்லாமல். இவ்வளவு பொருத்தமான மின்மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு புதிய சார்ஜருக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது பின். டி.எஸ்.100, பைன்சில் இரண்டும் வெளிவிட்டம் 5.5, உள்விட்டம் 2.5 மில்லிமீட்டர் கொண்ட உருளைப் பின்னை ஏற்கும், நடுவில் பாசிட்டிவ். பார்வைக்கு அதே மாதிரி இருந்தும் உள்விட்டம் 1.7 உள்ள பின்கள் உண்டு. அவை உள்ளே போகாது. சில சார்ஜர்களின் நடு ஊசி மின்சாரமே தராது, லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்கு மட்டும் இருக்கும். எனவே ஒயரை வெட்டி வேறு பின் வைப்பவர் மீட்டரில் பார்க்காமல் வைக்கக் கூடாது.

டிராக்டர், பைக் பேட்டரிகள் 12 வோல்ட் ரகம். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால் 18 வாட் 25 வரை உயரும். டிராக்டரை ஓடவிட்டு வேலை செய்வது தடித்த ஒயருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அரியலூர் சாலைகளில் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளில் இது வேறு. அவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட். கேட்க ஆசையாக இருக்கும், 72 வாட் கிடைக்குமே என்று. என்ஜின் ஓடினால் அது 28 வோல்ட்டை எட்டும். உருளைப் பின்னில் 24 வோல்ட் வரை என்று எழுதிய அயர்னை அங்கே செருகினால் உள்ளிருக்கும் சில்லுகள் பலியாகும். லாரியில் வேலை என்றால் இரண்டில் ஒரு பேட்டரியில் மட்டும் கிளிப் போட்டு, 12 வோல்ட்டில் திருப்தி அடைய வேண்டியதுதான்.

எந்த அயர்ன்

மின்மூலம் முடிவான பிறகு அயர்னைத் தேர்வது எளிது. பேட்டரி, லேப்டாப் சார்ஜர், பி.டி. சார்ஜர் மூன்றிலும் வேலை செய்ய விரும்புபவருக்கு, சி-டைப்பும் உருளைத் துளையும் இரண்டும் உள்ளது வேண்டும். பைன்சில் அப்படி, மினிவேரின் பின்னாளைய டி.எஸ்.101ம் அப்படி. முதல் டி.எஸ்.100ல் சி-டைப் மின்சாரம் இல்லை. அதே நிறுவனத்தின் டி.எஸ்.80 இன்னொரு பாதையில் போனது: முனை 4.5 ஓம், மூலம் குவால்காமின் குவிக் சார்ஜ் என்ற போன் சார்ஜ் முறை தரும் 9 வோல்ட். 81ஐ 4.5ஆல் வகுத்தால் 18 வாட். போன் போர்டுக்கும் காது மாட்டி ஒயருக்கும் போதும், கிணற்றடிக்குப் போதாது. சி-டைப் துளை இருந்தும் அது பி.டி. பேசாது, வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முனை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். பெட்டியோடு வரும் கூரான கூம்பு முனை அழகாக இருக்கும், சூட்டைக் கடத்தத்தான் மாட்டாது. ஒயரை அது ஒரு புள்ளியில் மட்டும் தொடும். 2 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள உளி முனை ஒன்றைக் கூடவே வாங்கிவிட்டால், அதே வாட்டில் பாதி நேரத்தில் ஒயர் வேலை முடிகிறது. பழைய செம்பு பிட்டை அரத்தால் ராவிப் பளபளப்பாக்கிய கைகள், இந்த முனைகளில் அரத்தை வைக்கவே கூடாது. சூடான வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்னும். அதைத் தடுக்க முனை மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. அரம் பட்டுப் பூச்சு போனால் உள்ளே குழி விழுந்து முனை வீணாகும். ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, அணைக்கும் முன் கொஞ்சம் ஈயம் பூசி வைத்தால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, புதிய போர்டுகள் பலவும் காரீயமில்லாச் சால்டரோடு வருகின்றன. அதில் பரவலான கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். செட்-டாப் பாக்ஸைத் திறப்பவர் 350க்கும் சற்று மேலே வைத்துக்கொள்ளலாம்.

எர்த் திருகு

இரண்டு பின் சார்ஜரில் ஓடும் அயர்னின் முனையைத் தொட்டால் சிலருக்குச் சுள்ளென்று ஒரு கூச்சம் தெரியும். சார்ஜருக்குள் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் மின்தேக்கி வழியாகக் கசியும் மிகச் சிறு மின்னோட்டம் அது. ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் போர்டில் உள்ள நுண்ணிய சில்லு ஒன்றைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடக்கூடும். டி.எஸ்.100, பைன்சில் இரண்டிலும் பின்பக்கம் ஒரு திருகு இருப்பது இதற்காகத்தான். அதில் ஒரு ஒயரை மாட்டி, மூன்று பின் பிளக்கின் எர்த்தில் இணைத்துவிட்டால் கசிவு அந்த வழியே போய்விடும். ஸ்பிரேயர் பேட்டரியில் ஓடும்போது மெயின் லைனோடு தொடர்பே இல்லாததால் இந்தக் கசிவும் இல்லை.